மண்ணுக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்: பழைய தொழில் மனையைச் சோதிக்க எந்த அரசுப் பணம்?

ஒரே வாரத்தில் இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. முதலாவது நியூ ஜெர்சியிலிருந்து. வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்தும் ஓர் அறக்கட்டளை, பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் டிரை கிளீனிங் கடையை இடத்தோடு மலிவாக வாங்கப் பார்க்கிறது. "இபிஏ 5 லட்சம் டாலர் மானியம் தருகிறதாமே, விண்ணப்பம் எழுத உதவுவீர்களா?" என்று அதன் செயலாளர் கேட்டிருந்தார். இபிஏ என்பது அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மண்ணில் மாசு உண்டா என்று சோதிப்பதற்கான மானியம் அது.

இரண்டாவதை எழுதியவர் ஒஹாயோவில் ஒரு சிற்றூரின் நகர மன்ற உறுப்பினர். அவர் ஊரில் தண்டவாளத்தை ஒட்டி ஒன்பது மனைகள் காலியாகக் கிடக்கின்றன. பழைய பட்டறை, முலாம் பூசும் கூடம், மூன்று பெட்ரோல் பங்க், மற்றவை என்னவாக இருந்தன என்று ஊரில் யாருக்கும் நினைவில்லை. "இபிஏவே ஆள் அனுப்பி இலவசமாகச் சோதித்துத் தருமாம். ஒவ்வொரு மனைக்கும் மனு போட்டுக்கொண்டே போனால் போதாதா?" என்பது இவர் கேள்வி.

வேடிக்கை என்னவென்றால், இவர் கேட்ட வழி அவருக்குப் பொருந்தும், அவர் கேட்டது இவருக்கு. இருவரும் தொகையைப் பார்த்தார்கள், நாட்காட்டியைப் பார்க்கவில்லை. இபிஏவின் பணமும், அதன் பக்கத்தில் இருக்கும் மற்ற வழிகளும் எங்கே உதவும், எங்கே காலை வாரிவிடும் என்று இங்கே எடை போட்டுப் பார்க்கிறேன். பிழைப்புக்கு இந்த ஆய்வறிக்கைகளை எழுதுகிறவன் நான். அதனால் என் சாய்வுகளும் ஆங்காங்கே தெரியும்.

## வாங்குவதற்கு முன் ஏன் தோண்ட வேண்டும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நிலத்தில் அந்தப் பழமொழி செல்லாது. நியூயார்க் மாநிலத்து நயாகரா ஃபால்ஸில், லவ் கெனால் என்ற பாதியில் நின்ற கால்வாயில் ஓர் இரசாயன நிறுவனம் கழிவுகளைப் புதைத்து மூடியது. 1953இல் அந்த நிலத்தை ஊர்ப் பள்ளி வாரியம் 1 டாலருக்கு வாங்கிக்கொண்டது. அங்கே பள்ளிக்கூடம் எழுந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978இல் விவகாரம் வெடித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

அந்தச் சூட்டில்தான் 1980இல் சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்தது. நச்சைக் கொட்டியவர் யாராக இருந்தாலும், நிலத்தின் இன்றைய உரிமையாளரையும் அது பொறுப்பாக்குகிறது. இதைக் கண்டு வங்கிகளும் கட்டுநர்களும் பழைய தொழில் மனைகளை விட்டு ஓடினார்கள். ஊர் நடுவில் இடம் காலியாகக் கிடக்க, கட்டடங்கள் ஊருக்கு வெளியே வயல்களில் முளைத்தன. இப்படி மாசு உண்டு, அல்லது இருக்குமோ என்ற சந்தேகத்தாலேயே முடங்கிக் கிடக்கும் இடத்துக்குத்தான் பிரவுன்ஃபீல்ட் என்று பெயர். 1993இல் கிளீவ்லாந்து நகரம் அடங்கிய குயஹோகா கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது கவுன்டி) இபிஏ ஒரு சிறு முன்னோட்டத்துக்குப் பணம் தந்தது. 2002 ஜனவரியில் வந்த சட்டம் அந்த மானியங்களை நிரந்தரமாக்கியதோடு, முன்பே விசாரித்து வாங்குபவருக்கு அந்தப் பொறுப்பிலிருந்து ஒரு பாதுகாப்பும் தந்தது.

அந்த விசாரணைக்கு ஃபேஸ் 1 என்று பெயர். நம் ஊரில் மனை வாங்குமுன் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்பதுபோல, மண்ணுக்குப் போடும் வில்லங்கம் இது. பழைய தீயணைப்புக் காப்பீட்டு வரைபடங்கள், வான்படங்கள், அரசுப் பதிவுகள், பழைய உரிமையாளரிடம் பேச்சு, நேரில் ஒரு நடை. இதில் யாரும் தோண்டமாட்டார்கள். சந்தேகம் வலுத்தால் ஃபேஸ் 2: துளையிட்டு மண்ணையும் நிலத்தடி நீரையும் மண்ணிடை வாயுவையும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. டிரை கிளீனிங் கடை என்றால் 'பெர்க்' என்ற கரைப்பான்தான் முதல் சந்தேகம். அது மண்ணுக்குள் போய் ஆவியாகி, தரையின் விரிசல் வழியே கட்டடத்துக்குள் ஏறும். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கப்போகும் அறைக்குள் அது வரக் கூடாது.

## எதை வைத்து எடை போடுவது

கிரையத் தேதி. எனக்கு இதுதான் முதல் கேள்வி. ஃபேஸ் 1 முடிந்த பிறகே பத்திரம் பதிவாக வேண்டும். வாங்கும் நாளிலிருந்து பின்னோக்கி ஒரு வருடத்துக்குள் அது நடந்திருக்க வேண்டும். அதிலும் நேர்காணல், பதிவுகள் பார்ப்பது, அரசு சுத்தம் செய்த செலவு நிலத்தின் மீது கடனாக நிற்கிறதா என்ற தேடல், நேரடி ஆய்வு, நிபுணரின் உறுதிமொழி ஆகிய ஐந்தும் 180 நாளுக்குள் இருக்க வேண்டும். நாளை எண்ணுவது அறிக்கையின் அட்டைத் தேதியிலிருந்து அல்ல. ஐந்தில் எது முதலில் நடந்ததோ அதிலிருந்து. எங்களிடம் வந்த ஒரு வேலையில் அட்டைத் தேதிப்படி எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் முதல் நேர்காணல் நடந்து 191 நாள் ஆகியிருந்தது. பத்திரப் பதிவுக்கு நான்கு நாள் முன்பு யாரோ எண்ணிப் பார்த்ததால் பிழைத்தார்கள்.

யார் பெயரில் அறிக்கை. ஊராட்சிக்காகத் தயாரித்த ஃபேஸ் 1ஐ வாங்கி வைத்துக்கொண்டால் உங்களுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. 'பயனர்' என்ற இடத்தில் உங்கள் அமைப்பின் பெயர் இருக்க வேண்டும், பயனர் கேள்வித்தாளை நீங்களே நிரப்ப வேண்டும்.

எத்தனை மனை, என்ன சந்தேகம். ஒரு மனையா ஒன்பதா, பெட்ரோலா வேறா. சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் நச்சுப் பட்டியலில் பெட்ரோல் இல்லை. 2002 சட்டம் பெட்ரோல் மனைகளையும் மானியத்துக்குள் கொண்டுவந்தது, ஆனால் அவற்றுக்குத் தனித் தகுதிச் சோதனை வைத்தது.

காகிதம் சுமக்க ஆள் உண்டா. கூட்டாட்சி அரசின் பணத்துக்குக் கணக்கு எழுதுவது தனி வேலை. தன்னார்வலர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடிச் செய்கிற காரியமல்ல.

## வழி 1: ஊர் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் மானியம்

யாரும் கேட்காத கேள்வி இது: உங்கள் நகராட்சியோ கவுன்டியோ வட்டாரத் திட்டக் குழுவோ இபிஏ மதிப்பீட்டு மானியத்தை முன்பே வாங்கி, செலவழிக்க மனை தேடிக்கொண்டிருக்கிறதா? இபிஏவின் இணையதளத்தில் மானியம் பெற்றவர்களைத் தேடும் வசதி இருக்கிறது. அதைவிட, நகராட்சியின் பொருளாதார வளர்ச்சிப் பிரிவுக்கு ஒரு போன் போட்டால் போதும்.

ஊர் முழுவதுக்குமாகத் தரப்படும் மானியத்தை வாங்கும்போது மனைகளின் பட்டியல் கடைசிவரை தீர்மானமாகியிருக்காது. மூன்றாம் வருடத்தில் பணம் மிச்சமிருக்கும், உள்ளே வரச் சம்மதிக்கும் உரிமையாளர் கிடைக்கமாட்டார். அப்போது நீங்கள் போய் நின்றால் வரவேற்பு பலமாக இருக்கும். கன்சல்டன்ட் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருப்பார், மாதிரிகளை எப்படி எடுத்துச் சோதிப்பது என்ற தரக் கட்டுப்பாட்டுத் திட்டமும் இபிஏ ஒப்புதல் பெற்றிருக்கும். உங்கள் மனைக்கு இந்தப் பணத்தைச் செலவழிக்கலாம் என்ற தகுதிக் கடிதம் வந்துவிட்டால் வேலை ஆரம்பம். தனியார் நிலத்திலும் இந்தப் பணத்தைச் செலவழிக்கலாம்.

இங்கே மறைவான விலை, முன்னுரிமை உங்கள் கையில் இல்லாதது. ஊர் தன் ஆற்றங்கரைத் திட்டத்தை முதலில் நிறுத்தும், உங்கள் மனை இரண்டாம் பக்கத்தில் நிற்கும். முன்பு சொன்ன பயனர் பெயர் விஷயத்தையும் இங்கேதான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள்.

## வழி 2: இபிஏவின் போட்டி மானியம்

செயலாளர் ஆசைப்பட்ட 5 லட்சம் இதுதான். உள்ளூர் அரசுகளோடு, 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு லாப நோக்கற்ற அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். கைப்பணம் போடத் தேவையில்லை. பட்டியல் எடுக்க, ஃபேஸ் 1, ஃபேஸ் 2 செய்ய, சுத்திகரிப்புத் திட்டம் வகுக்க, மனையில் என்ன கட்டலாம் என்று ஊரைக் கூட்டிப் பேச எல்லாவற்றுக்கும் பணம் உண்டு. பக்கத்து ஊர்களும் அமைப்புகளும் சேர்ந்து கூட்டணியாக வந்தால் தொகை இன்னும் பெரிது. ஆனால் கூட்டாளி ஒவ்வொருவர் எல்லையிலும் குறைந்தது இரண்டு மனையாவது சோதிக்க வேண்டும்.

இனி நாட்காட்டி. போட்டி வருடத்துக்கு ஒரு முறை. வழக்கமாக இலையுதிர் காலத்தையோ குளிர்காலத்தையோ ஒட்டி விண்ணப்பம், வசந்தத்தில் அறிவிப்பு, ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பணம் திறக்க அக்டோபர் வாக்கில் ஆகும். பிறகு போட்டி முறையில் கன்சல்டன்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தரக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் வர வேண்டும். துளையிடுமுன் மரபுச் சின்னம், அருகிவரும் உயிரினம் ஏதேனும் பாதிக்கப்படுமா என்று பார்க்க வேண்டும். விண்ணப்பம் எழுத உட்காரும் நாளிலிருந்து மண்ணில் முதல் துளை விழ ஒன்றரை வருடம் என்று நான் சொல்வேன். எந்த விற்பனையாளர் அவ்வளவு நாள் காத்திருப்பார்?

நிர்வாகச் செலவுக்கு மானியத்தில் 5 சதவீதம்தான் எடுக்கலாம். காலாண்டு அறிக்கை, ஒவ்வொரு மனையின் விவரத்தையும் இபிஏ தரவுத்தளத்தில் ஏற்றுவது, தணிக்கைக்குத் தாங்கும் கணக்கு: இதெல்லாம் அந்த 5 சதவீதத்துக்குள் அடங்காது. முழுநேர ஊழியர் இல்லாத அமைப்பை இந்த மானியம் தின்றுவிடும். சில கன்சல்டன்ட் நிறுவனங்கள் விண்ணப்பத்தை இலவசமாக எழுதித் தருவதாக வரும். அதற்காகவே வேலையையும் அவர்களுக்குக் கொடுத்துவிட முடியாது, கொள்முதல் விதிகள் அப்படி. அந்த நிறுவனங்களில் ஒன்றில் வேலை பார்ப்பவனே சொல்கிறேன். இதற்குப் பதில் இபிஏ நிதியில் இயங்கும் பல்கலைக்கழக உதவி மையங்களை நாடலாம். கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் பல வருடமாக இந்தச் சேவையைச் செய்துவருகிறது, விண்ணப்பம் எழுத வழிநடத்தும் கருவியும் வைத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 2021 உள்கட்டமைப்புச் சட்டம் பிரவுன்ஃபீல்ட் வேலைகளுக்கு 150 கோடி டாலர் ஒதுக்கியது. அது 2022 முதல் 2026 வரை ஐந்து நிதியாண்டுகளுக்கான பணம். அதன் பிறகு வருடாந்தர ஒதுக்கீடு மட்டும் என்றால் போட்டி இறுகும். பழைய வெற்றி விகிதத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

## வழி 3: இபிஏ நேரடியாகச் செய்யும் சோதனை

டார்கெட்டட் பிரவுன்ஃபீல்ட்ஸ் அசெஸ்மென்ட் என்பது இதன் பெயர். உங்கள் கைக்குப் பணம் வராது, சேவை மட்டும் வரும். இபிஏ வட்டார அலுவலகம் தன் ஒப்பந்ததாரரை அனுப்பிச் சோதித்து அறிக்கை தரும். விண்ணப்பம் சில பக்கங்கள்தான். பெரும்பாலான வட்டாரங்களில் வருடம் முழுவதும் ஏற்பார்கள். கொள்முதல், காலாண்டு அறிக்கை, தணிக்கை எதுவும் உங்கள் தலையில் இல்லை. நியூ ஜெர்சிக்கு வட்டார அலுவலகம் நியூயார்க் நகரத்தில், ஒஹாயோவுக்குச் சிகாகோவில்.

ஒரு மனை, தெளிவான பொது நோக்கம், நிர்வாக ஆள் இல்லாத அமைப்பு: இந்த மூன்றும் சேர்ந்தால் நான் வேறு எதையும் பார்க்கமாட்டேன். ஆனால் இலவசத்துக்கும் விலை உண்டு. எப்போது வருவார்கள் என்பதும், எத்தனை துளை, எங்கே துளை என்பதில் கடைசிச் சொல்லும் அவர்களுடையது. ஆறு மாதமாவது ஆகும் என்று மனதில் வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது. மாசுபடுத்தியவரே உரிமையாளராக இருந்தால் பொதுவாகக் கை வைக்கமாட்டார்கள். இடிப்பதும் சுத்தம் செய்வதும் இதில் வராது. அறிக்கை அரசு ஆவணம், பிறகு அதை யாரும் கேட்டு வாங்கலாம்.

ஒன்பது மனைக்கு ஒன்பது மனு என்ற நகர மன்ற உறுப்பினரின் யோசனை இங்கேதான் உடைகிறது. வட்டாரத்தின் பணப்பை சிறியது, பல ஊர்கள் கை நீட்டும். ஒன்றிரண்டு மனைக்கு மேல் ஒரே ஊருக்கு எதிர்பார்ப்பது பேராசை.

## வழி 4: மாநிலப் பணம்

மாநிலத்துக்கு மாநிலம் இது வேறு உலகம். எனவே நம் இரண்டு கடிதங்களின் மாநிலங்களை மட்டும் பார்ப்போம்.

நியூ ஜெர்சியில் நகராட்சிகளுக்கு ஆரம்ப மதிப்பீடும் மண் ஆய்வும் செய்ய முழுச் செலவும் தரும் மாநில நிதி ஒன்று இருக்கிறது. அபாயக் கழிவு மனைகளைச் சீர்செய்வதற்கான நிதி அது. ஆனால் பணம் நகராட்சி போன்ற பொது அமைப்புக்குத்தான். மனை ஊரின் கையில் இருக்க வேண்டும், அல்லது வரிப் பாக்கிக்காக மனையின் மீது ஊருக்கு உரிமை தரும் சான்று போன்ற பிடியாவது இருக்க வேண்டும். அறக்கட்டளை நேரே போய் நிற்க முடியாது. ஊர் வாங்கிச் சோதித்து அறக்கட்டளைக்குக் குத்தகைக்கு விடும் ஏற்பாடு என்றால் வழி திறக்கும்.

அந்த மாநிலத்தில் இன்னொரு குழி இருக்கிறது. மாசுக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் அந்த மாநிலத்தின் சொந்தச் சட்டமான நியூ ஜெர்சி ஸ்பில் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு வேண்டுமானால், நாடு முழுவதும் செல்லும் ஃபேஸ் 1 மட்டும் போதாது. மாநில விதிப்படியான ஆரம்ப மதிப்பீடும், தேவைப்பட்டால் மனை ஆய்வும் வாங்குமுன் நடக்க வேண்டும். வெளிமாநில கன்சல்டன்ட் மலிவாகச் செய்து தந்தால் இதுதான் விடுபடும்.

ஒஹாயோ 2021 பட்ஜெட்டில் பிரவுன்ஃபீல்ட் சீரமைப்புக்கு 35 கோடி டாலர் ஒதுக்கியது, 2023இல் மீண்டும் பணம் போட்டது. சோதனைக்கும் சுத்திகரிப்புக்கும் அதில் மானியம் உண்டு. கவுன்டி அளவில் ஒரு முன்னணி அமைப்பு, பல இடங்களில் நில வங்கி (கைவிடப்பட்ட மனைகளை எடுத்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரும் பொது அமைப்பு), விண்ணப்பத்தைக் கொண்டுபோகும். சோதித்த கையோடு சுத்தம் செய்யவும் அதே இடத்தில் பணம் கேட்கலாம் என்பதே இதன் அழகு. பட்ஜெட் வந்தால்தான் சுற்று வரும் என்பது குறை.

பெட்ரோல் பங்க் மனை என்றால் எதற்கும் முன் மாநிலத்தின் நிலத்தடித் தொட்டி நிதியைக் கேளுங்கள். பழைய உரிமையாளர் காப்பீடுபோல் பணம் கட்டியிருந்தால், செலவை அது ஏற்கக்கூடும்.

## வழி 5: கைப்பணம்

சாதாரண மனைக்கு ஃபேஸ் 1 சில ஆயிரம் டாலர், மூன்று நான்கு வாரம். ஃபேஸ் 2 பத்தாயிரத்தில் தொடங்கி லட்சம்வரை ஓடும். அறிக்கை உங்கள் பெயரில், உங்கள் தேதியில், உங்கள் அலமாரியில் இருக்கும். விலை பேசும்போது அது ஆயுதம். செலவழித்த பணத்தைப் பின்னால் கிடைக்கும் மானியத்திலிருந்து பொதுவாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதே இழப்பு. ஃபேஸ் 1க்கு அது தாங்கக்கூடிய இழப்பு. ஃபேஸ் 2க்கு அல்ல.

இதை மிச்சப்படுத்தப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃபேஸ் 1 செய்யாமல் கிரையம் முடித்த அறக்கட்டளை, சட்டத்தின் கண்ணில் பொறுப்பாளி. பின்னால் மாசு தெரிந்தால் இபிஏவின் சுத்திகரிப்பு மானியத்துக்கும் அந்த மனைக்காகத் தகுதி இழக்கும். தானமாக வந்த நிலத்துக்கும் இதே கதை. வரிப் பாக்கிக்காக நிலத்தை எடுத்துக்கொள்ளும் நகராட்சிக்குச் சட்டத்தில் தனி விலக்கு உண்டு. அறக்கட்டளைக்கு இல்லை.

## ஒரு பார்வையில்

| வழி | பணம் யார் கையில் | காத்திருப்பு | எப்போது நல்லது | மறைந்த விலை |
|---|---|---|---|---|
| ஊரின் நடப்பு மானியம் | நகராட்சி | குறைவு, வரிசையைப் பொறுத்து | ஊரின் திட்டத்தோடு மனை ஒத்துப்போனால் | முன்னுரிமை உங்களுடையதல்ல |
| இபிஏ போட்டி மானியம் | விண்ணப்பித்தவர் | ஒன்றரை வருடம்வரை | பல மனை, முழுநேர ஊழியர் | நிர்வாகச் சுமை, தோற்கும் அபாயம் |
| இபிஏ நேரடிச் சோதனை | இபிஏ | ஆறு மாதமும் மேலும் | ஒரு மனை, சிறு அமைப்பு | நேரமும் துளையும் அவர்கள் இஷ்டம் |
| மாநில நிதி | பெரும்பாலும் பொது அமைப்பு | பட்ஜெட் சுற்றைப் பொறுத்து | சுத்திகரிப்பும் உடனே வேண்டுமானால் | மாநிலத் தனி விதிகள் |
| கைப்பணம் | நீங்கள் | வாரங்கள் | ஃபேஸ் 1க்கு எப்போதும் | திரும்பி வராது |

## இரண்டு கடிதங்களுக்கும்

செயலாளருக்கு: 5 லட்சத்தை மறந்துவிடுங்கள். முதலில் நகராட்சிக்கு போன். அங்கே மானியம் இல்லையென்றால் ஃபேஸ் 1ஐயும் மாநில ஆரம்ப மதிப்பீட்டையும் கைப்பணத்தில் செய்துவிட்டு, ஃபேஸ் 2க்கு இபிஏ நேரடிச் சோதனையைக் கேளுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் ஆய்வுக்கு ஒன்பது மாதமாவது எழுதி வாங்குங்கள். ஃபேஸ் 2 முடியும்போது ஃபேஸ் 1 காலாவதியாகியிருக்கும். பத்திரத்துக்கு முன்பு அதைப் புதுப்பிக்கவும் பணம் ஒதுக்குங்கள், முதல் தடவையைவிடக் குறைவாகவே ஆகும்.

நகர மன்ற உறுப்பினருக்கு: ஒன்பது மனை கையில் இருக்கும்போது போட்டி மானியம்தான் உங்கள் ஆட்டம். பக்கத்து ஊரையும் நில வங்கியையும் சேர்த்துக் கூட்டணியாக முடியுமா என்று பாருங்கள். மூன்று பெட்ரோல் பங்க்குகளைத் தனியாகப் பிரித்துத் தொட்டி நிதியின் பக்கம் அனுப்புங்கள். முலாம் பூசும் கூடத்தை மட்டும் இப்போதே நேரடிச் சோதனைக்குக் கொடுங்கள். குரோமியத்தோடு, 2024 ஜூலை முதல் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்ந்த பிஎஃப்ஓஎஸ் என்ற இரசாயனத்தையும் அங்கே தேட வேண்டும். முலாம் தொட்டியிலிருந்து எழும் குரோமியப் புகையை அடக்க அதைப் பல காலம் பயன்படுத்தினார்கள்.

எந்த வழியானாலும் தற்போதைய உரிமையாளர் உள்ளே விடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். என் அனுபவத்தில் பணம் கிடைக்காமல் நின்ற வேலைகளைவிட இந்தக் கையெழுத்து கிடைக்காமல் நின்றவையே அதிகம். அவர் பயமும் நியாயமானது. மண்ணில் மாசு இருப்பது எழுத்தில் வந்துவிட்டால், பல மாநிலங்களில் அதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். நீங்கள் வாங்காமல் போனாலும் அந்தக் காகிதம் அவர் கழுத்தில் தொங்கும். ஆகவே அனுமதிக் கடிதத்தை நீட்டுமுன், முடிவுகள் யாருக்குப் போகும், தெரிவிக்கும் கடமை யாருடையது, சோதனைக்குப் பிறகு விலை எப்படி மாறும் என்ற மூன்றையும் அவரோடு உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். வக்கீலை அனுப்புவதற்கு முன்னால் நீங்களே ஒரு தடவை போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.